11 ரூபாய் காய்கனி, 289 நிமிட வேலை, 8.5 கிராம் உப்பு

தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் 2020-ல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு, 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதைக் கண்டது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். 2023-24-ல் நடந்த இரண்டாம் சுற்றில் இந்த விகிதம் 17 சதவீதமானது. இடைப்பட்ட காலத்தில், 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வந்தது. உயர்வு முழுவதும் அத்திட்டத்தால் வந்தது என்று நிறுவ இந்த இரண்டு எண்கள் போதா. ஆனால் 2.3 மடங்கு உயர்வு சிறியதன்று. அப்படி உயர்ந்த பின்னும் 100 நோயாளிகளில் 83 பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இல்லை.

நாடு முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தந்த கணக்கு வேறு வயது வரம்பில், 30 முதல் 79 வரை, அமைந்தது. இந்தியாவில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 18.83 கோடி. நோய் கண்டறியப்பட்டவர்கள் 37 சதவீதம், சிகிச்சை பெறுபவர்கள் 30 சதவீதம், கட்டுக்குள் வந்தவர்கள் 15 சதவீதம். கடைசி இரண்டு எண்களைக் கழித்தால், சிகிச்சையில் இருந்தும் அழுத்தம் இறங்காதவர்கள் ஏறத்தாழ 2.82 கோடி பேர். மருந்தின் அளவு போதாமை, இடையில் நிறுத்துவது, உணவு, உடல் உழைப்பு என்று காரணங்கள் பல. எதன் பங்கு எவ்வளவு என்று இந்தக் கணக்கு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் சீட்டில் மாத்திரைக்குக் கீழே எழுதப்படுபவை எல்லா ஊரிலும் ஒன்றே: உப்பைக் குறையுங்கள், காய்கறி பழம் சாப்பிடுங்கள், நடங்கள். இந்த மூன்றையும் செய்ய ஒரு வீட்டுக்கு என்ன செலவு என்பதே இங்கே கணக்கிடப்படுகிறது.

முதலில் பலன். உப்பைக் குறைத்துப் பார்த்த சோதனைகளின் தொகுப்பு ஒன்று 2013-ல் வெளியானது. நாளொன்றுக்குச் சராசரியாக 4.4 கிராம் உப்பு குறைந்தபோது, உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் 5.39 மி.மீ., கீழ் எண் 2.82 மி.மீ. பாதரசம் இறங்கின. 1997-ல் அமெரிக்காவில் வெளியான ‘டேஷ்’ சோதனையில் காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் மிகுந்த உணவு, உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண்ணை 11.4 மி.மீ. இறக்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு இது குறைந்ததன்று.

டேஷ் சோதனையில் பங்கேற்ற 459 பேருக்கும் உணவு சமைத்தே தரப்பட்டது. அவர்கள் வாங்கவும் இல்லை, நறுக்கவும் இல்லை. அழுத்தம் உயராதவர்களையும் சேர்த்துப் பார்த்தால், வழக்கமான அமெரிக்க உணவோடு ஒப்பிட்டு, இறக்கம் 5.5 மி.மீ. 2003-ல் வெளியான ‘பிரீமியர்’ சோதனை அதே நாட்டில் 810 பேரிடம் நடந்தது. அங்கே உணவு தரப்படவில்லை; ஆலோசனை மட்டும், ஆனால் தொடர்ந்து, தரப்பட்டது. எடைக் குறைப்பு, உப்புக் குறைப்பு, உடற்பயிற்சி ஆகியவற்றுக்கு ஆலோசனை பெற்ற குழுவில், ஒரே ஒரு முறை அறிவுரை கேட்டவர்களைவிட மேல் எண் 3.7 மி.மீ. கூடுதலாக இறங்கியது. இவற்றோடு டேஷ் உணவுக்கும் ஆலோசனை பெற்ற குழுவில் 4.3 மி.மீ. டேஷ் ஆலோசனை மட்டும் சேர்த்தது 0.6 மி.மீ. இரு சோதனைகளின் அமைப்பும் ஒன்றல்ல என்பதால் 5.5-ஐயும் 0.6-ஐயும் நேருக்கு நேர் நிறுத்துவது முழுச் சரியாகாது. ஆனாலும் தட்டில் வைத்த உணவுக்கும் வாயால் சொன்ன உணவுக்கும் இடையிலான தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இரண்டு எண்கள் எளிதில் கிடைக்கா.

இனி உப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ். சோடியத்தில் 2 கிராம். இந்தியாவில் 2017-18-ல் நடந்த தேசியத் தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வு, பெரியவர் ஒருவரின் சராசரியை 8 கிராம் என்று மதிப்பிட்டது. ஆண்கள் 8.9 கிராம், பெண்கள் 7.1 கிராம். அழுத்தம் உயர்ந்திருந்தவர்களின் சராசரி 8.5 கிராம். குறைக்கச் சொல்லப்பட வேண்டியவர்கள் பொதுச் சராசரியைவிட அரை கிராம் கூடுதலாகவே உண்கிறார்கள். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே ஆய்வுத் தொடரில், உயர் அழுத்தம் உள்ளவர்களில் அதை அறிந்திருந்தவர்கள் 27.9 சதவீதம் மட்டுமே.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அறிவுரை வழுக்குகிறது. ஆந்திரப் பிரதேசத்தில் நடந்த ஆய்வில், உண்ணும் உப்பில் 87.7 சதவீதம் சமையலிலும் சாப்பிடும்போதும் கையால் சேர்த்தது. டெல்லி, ஹரியானாவில் 83.5 சதவீதம். அமெரிக்காவில் 450 பேரிடம் செய்து 2017-ல் வெளியான ஆய்வில் இந்தப் பங்கு 10.5 சதவீதம்: அடுப்படியில் 5.6, மேசையில் 4.9. அங்கே 70.9 சதவீதச் சோடியம் ஆலையிலும் உணவகத்திலும் சேர்க்கப்பட்டது. ஆக, ‘சிப்ஸ், பாக்கெட் தின்பண்டங்களைத் தவிருங்கள்’ என்ற வரி அமெரிக்க நோயாளிக்கு எழுதியது. நம் நோயாளியின் 8.5 கிராமில் 87.7 சதவீதம் என்றால் 7.45 கிராம். (இரண்டும் வேறு வேறு ஆய்வுகளின் எண்கள், தோராயம்தான்.) அவர் கடைத் தின்பண்டம் எதையும் தொடாமல் விட்டாலும் மீதமுள்ள உப்பு வரம்பைவிட 49 சதவீதம் அதிகம்.

பிரிட்டனில் சராசரி உப்பு 2000-01-ல் 9.5 கிராமாக இருந்து 2011-ல் 8.1 கிராமாக இறங்கியது. 15 சதவீதக் குறைவு. ரொட்டியில் மட்டும் 100 கிராமுக்கு 1.23 கிராமிலிருந்து 0.98 கிராமுக்கு உப்பு குறைக்கப்பட்டது. அதாவது கணிசமான பங்கு வேலையை ஆலைக்காரர் செய்தார். உண்டவர் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த வழி நமக்குப் பெரிதும் உதவாது. இங்கே ஒவ்வொரு வீட்டு அடுப்பும் தனி ஆலை.

அந்த ஆலையில் ஒரே குழம்புச் சட்டி. 4 பெரியவர்கள் உள்ள வீட்டில், ஆளுக்கு 8 கிராம் வீதம் 30 நாளுக்கு 960 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தீரும். ஆளுக்கு 5 கிராம் என்றால் அதே பாக்கெட் 50 நாள் வரும். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவைத்தால் எந்த வீடும் தன் கணக்கைச் செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் வராது. அவற்றைத் தனியே கூட்ட வேண்டும்.

மூன்று அறிவுரைகளில் பணம் மிச்சமாவது இது ஒன்றில்தான். என்றாலும் நடப்பதில்லை. 4 பேரில் ஒருவருக்கு மட்டும் நோய் என்றால், அவருக்குத் தனிச் சட்டி வைக்க வேண்டும். அல்லது மற்ற 3 பேரும் குறைந்த உப்புக்கு ஒப்ப வேண்டும். தனிச் சட்டி என்றால் கூடுதல் எரிவாயு, கூடுதல் நேரம். ஒப்புதல் என்பதில் யார் தட்டைத் தள்ளிவைத்தால் குழம்பு மாறும் என்ற கேள்வி இருக்கிறது. ஆண்கள் பெண்களைவிட 1.8 கிராம், அதாவது 25 சதவீதம், கூடுதலாக உப்பு உண்கிறார்கள் என்பதற்கு அவர்கள் உண்ணும் அளவே முதன்மைக் காரணமாக இருக்கலாம். உப்பின் அளவை முடிவு செய்வது சமைப்பவரா, குறை சொல்பவரா என்பதை எந்தக் கணக்கெடுப்பும் கேட்டதாகத் தெரியவில்லை, கேட்கலாம்.

அடுத்தது காய்கறியும் பழமும். அளவு: நாளொன்றுக்கு 400 கிராம், அல்லது 5 பரிமாறல். 2017-18 ஆய்வில் இந்த அளவை எட்டாத இந்தியப் பெரியவர்கள் 98.4 சதவீதம். 100-க்கு 98 பேர் தவறும் ஒன்றைத் தனிமனிதக் கவனக்குறைவு என்று சொல்வது கடினம்.

2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புற இந்தியர் ஒருவரின் மாதச் செலவு 3,773 ரூபாய். அதில் காய்கறி 5.38 சதவீதம், உலர்பழம் உட்படப் பழம் 3.71 சதவீதம். இரண்டும் சேர்ந்து மாதம் 343 ரூபாய். நாளொன்றுக்கு 11 ரூபாய் 43 காசு. அதே கிராமத்தவர் பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் 9.62 சதவீதம், நாளொன்றுக்கு 12 ரூபாய் 10 காசு செலவிடுகிறார். நகரத்தில் மாதச் செலவு 6,459 ரூபாய், காய்கனிக்கு 7.61 சதவீதம், நாளுக்கு 16 ரூபாய் 38 காசு. பானம், பதப்படுத்திய உணவுக்கு 10.64 சதவீதம், 22 ரூபாய் 91 காசு. கிராமத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம். நகரத்தில் இரண்டாவது 40 சதவீதம் அதிகம்.

400 கிராமுக்கு என்ன விலை? 280 கிராம் காய்கறி கிலோ 40 ரூபாய்க்கும், 120 கிராம் பழம் கிலோ 80 ரூபாய்க்கும் என்று வைத்துக்கொண்டால் 20 ரூபாய் 80 காசு. விலை என் அனுமானம். ஆடியில் ஒன்று, மார்கழியில் ஒன்று, தக்காளி மனம்வைத்தால் வேறொன்று. இதன்படி கிராமத்தவர் நாளொன்றுக்கு 9 ரூபாய் 37 காசு கூடுதலாகச் செலவிட வேண்டும். 4 பேர் வீட்டுக்கு மாதம் 1,124 ரூபாய். தமிழ்நாட்டுக் கிராமத்தவரின் மாதச் செலவு 5,310 ரூபாய், நாட்டுச் சராசரியைவிட 41 சதவீதம் அதிகம். காய்கனிக்கு அதே 9.09 சதவீதம் என்று கொண்டால் நாளுக்கு 16 ரூபாய் 9 காசு. பற்றாக்குறை பாதியாகச் சுருங்குகிறது, மறையவில்லை.

சராசரிகள் இங்கே பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. அதே கணக்கெடுப்பில் கிராமத்தின் அடிமட்ட 5 சதவீதத்தினரின் மாதச் செலவு 1,373 ரூபாய். நகரத்தின் மேல்மட்ட 5 சதவீதத்தினருக்கு 20,824 ரூபாய். நாளுக்கு 20 ரூபாய் 80 காசு என்றால் மாதம் 624 ரூபாய். முன்னவருக்கு அது மொத்தச் செலவில் 45 சதவீதம். பின்னவருக்கு 3 சதவீதம். 18 நாடுகளின் தரவைக் கொண்டு 2016-ல் வெளியான ஆய்வும் இதே உருவத்தையே காட்டியது: நாளுக்கு 2 பழமும் 3 காய்கறியும் வாங்க, ஏழை நாடுகளில் தலைக்கு வரும் வருமானத்தில் 52 சதவீதமும் பணக்கார நாடுகளில் 2 சதவீதமும் தேவைப்பட்டன. சீட்டில் எழுதும் வரி இருவருக்கும் ஒன்றே.

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடை அரிசியை இலவசமாகவும், துவரம் பருப்பைக் கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயிலை லிட்டர் 25 ரூபாய்க்கும், சர்க்கரையைக் கிலோ 25 ரூபாய்க்கும் தருகிறது. பசியைத் தீர்த்ததில் இந்தக் கடைக்குள்ள பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மலிவாகக் கிடைக்கும் நான்கில் பருப்பைத் தவிர மற்றவை பிரஷர்காரரிடம் மருத்துவர் குறைக்கச் சொல்பவை. மாநிலத்தில் உடல் எடை மிகுந்த பெண்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4 சதவீதம். இதற்கு ரேஷன் கடைதான் காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை. பசிக் காலத்துப் பட்டியல் இன்னும் மாறவில்லை என்று சொல்லலாம்.

மூன்றாவது, நடை. வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு, நாளுக்கு 21.4 நிமிடம். போதிய உடல் உழைப்பு இல்லாத இந்தியப் பெரியவர்கள் 2000-ல் 22.3 சதவீதம், 2022-ல் 49.4 சதவீதம். உலகச் சராசரி 31.3. 2022-ல் இந்திய ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இரு பாலருக்கும் இடையே 15 புள்ளி வேறுபாடு.

இந்த 15 புள்ளிக்கு ஒரு விளக்கம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் கிடைக்கிறது. 6 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஊதியமில்லா வீட்டு வேலை செய்பவர்கள், 2019-ல் அதற்குச் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குப் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்தது. ஆண்களும் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். 5 ஆண்டில் இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆனது. விகிதமாகப் பார்த்தால் 3.08 மடங்கு 3.28 மடங்காகக் கூடியிருக்கிறது.

21.4 நிமிடம் என்பது 289-ல் 7.4 சதவீதம். அந்த வேலையை வீட்டு ஆண் ஏற்றால் அவருடைய 88 நிமிடம் 109 ஆகும். 24 சதவீத உயர்வு. பெண்ணுக்கு நடக்க மனமில்லை என்று சொல்லும் மருத்துவ அறைகளில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கலாம். நடக்க இடம், இருட்டு, தெருநாய் என்பவற்றுக்கு எண்கள் இல்லை, அவையும் தடைகளே. மறுபக்கம், சித்தாள் வேலைக்கும் நடவுக்கும் போகும் பெண் 150 நிமிடத்தை ஒரே முற்பகலில் தாண்டிவிடுவார். அவரிடம் ‘தினமும் வாக்கிங் போங்கம்மா’ என்பது கேட்காமல் எழுதிய சீட்டு.

அவருக்கு வேறொரு செலவு உண்டு. 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஊதியம் 319 ரூபாய். மாதம் ஒரு முறை மாத்திரைக்காக ஒரு நாள் வேலையை விட்டால் ஆண்டுக்கு 3,828 ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். அதை வாங்கப் போவது இலவசமன்று. மாத்திரை வீட்டுக்கு வந்ததன் மதிப்பு இந்த எண்ணில் இருக்கிறது.

இந்த மூன்றுக்கும் வெளியே மது; அதைச் சுருக்கமாக. 2019-21-ல் தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் குடிப்பவர்கள் 25.4 சதவீதம், நாட்டுச் சராசரி 18.8. டாஸ்மாக் வழியே அரசுக்கு வந்த வருவாய் 2023-24-ல் 45,855 கோடி ரூபாய். 2024-25-ல் 48,344 கோடி. நாளொன்றுக்கு 132 கோடி. குடியைக் குறைக்கச் சொல்வதும் விற்பதும் ஒரே அரசு என்பதற்கு மேல் இங்கே விளக்கம் வேண்டியதில்லை.

மலிவான வழி எது என்று பார்த்தால் கணக்கு மறுபடி உப்புக்கே வருகிறது. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்து 2021-ல் முடிவு வெளியான சோதனையில், பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்புக்குப் பதில் 75 சதவீதம் சோடியம் குளோரைடும் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு தரப்பட்டது. இலவசமாக, வீடு முழுவதற்கும் போதுமான அளவில். பங்கேற்றவர்கள் முன்பு பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைக் கடந்த உயர் அழுத்தக்காரர்கள். சராசரியாக 4.74 ஆண்டுகளில் பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைந்தன. மேல் எண்ணில் வேறுபாடு 3.34 மி.மீ. மட்டுமே. யாரும் தனிச் சட்டி வைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பொருளன்று. 2014-ல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் ‘அம்மா உப்பு’ என்று மூன்று வகை விற்றது: அயோடின் கலந்த சுத்திகரித்த உப்பு கிலோ 10 ரூபாய், இரும்புச்சத்தும் சேர்த்த இரட்டைச் செறிவு உப்பு 14 ரூபாய், சோடியம் குறைந்த உப்பு 21 ரூபாய். உடலுக்குத் தேவையானது சாதாரண உப்பைவிட 2.1 மடங்கு விலை. அந்த 11 ரூபாய் வேறுபாட்டை அரசே ஏற்று, சுமார் 2.2 கோடி குடும்ப அட்டைகளுக்கு மாதம் ஒரு கிலோ தந்தால் ஆண்டுக்கு 290 கோடி ரூபாய். டாஸ்மாக்கின் 2.2 நாள் வருவாய். இன்றைய விலையில் வேறுபாடு இரு மடங்கானாலும் 4.4 நாள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய உப்பைப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை விலக்கியது. பரிந்துரையும் நிபந்தனையோடு கூடியதே. ஒரே சட்டியில் சமைக்கும் வீட்டில் இந்த விலக்கு சிறிய சிக்கலன்று. ஆகவே மாநிலம் முழுவதும் உடனே என்று கேட்பது சரியாகாது. 5 லட்சம் குடும்ப அட்டைகள் உள்ள ஒரு மாவட்டத்தில், சிறுநீரக நோயாளி உள்ள வீடுகளைச் சுகாதாரத் தன்னார்வலர்கள் மூலம் முதலில் விலக்கி, ஓராண்டு இந்த உப்பைப் பழைய உப்பின் விலைக்கே கொடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மாதிரிக் குழுவின் 24 மணி நேரச் சிறுநீரில் சோடியத்தை அளந்து பார்க்க வேண்டும். 2014 விலை வேறுபாட்டின்படி உப்புக்கான மானியம் 6.6 கோடி ரூபாய். பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் மதுக்கடைகளில் அது அரை மணி நேர வருவாய். அடுத்த நிதிநிலை அறிக்கையில் இந்த ஒரு வரியை அரசு சேர்க்க வேண்டும்.